ஒரு ரீல் குறைந்த படம்

அந்தப் படத்தில் பத்தொன்பது பேர் சாகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது பதினேழு என்றுதான் எண்ணினேன். அந்த இரண்டு சாவுகளின் வித்தியாசத்தால் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் அலுப்பு வருகிறது. ஆனாலும் படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அது நல்ல படம்.

ஐம்பதுகளில் நான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியிருந்தேன். மாமா பள்ளிவாசலில் தன் குடிக்கு மரைக்காராக, அதாவது தலைவராக, இருந்தவர். எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒருவருடைய மகன், மகனின் உம்மாவுடைய குடியைச் சேர்ந்தவன். ஆகவே மரைக்கார் பதவி மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குத்தான் போகும். ஆனால் சில ஊர்களில் மகனுக்கும் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மாமாவுக்கு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தனக்குப் பின் யார் என்று அவர் சொல்ல வேண்டும். அவர் விரலை நீட்டுகிற ஆளை ஏற்றுக்கொள்வதாகக் குடியில் உள்ளவர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் மனம் மகன் பக்கம்தான் இருந்தது. மகன், அதாவது என் மச்சான், கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். நாலு பேர் நடுவில் கதைக்கத் தெரிந்தவர். பதவி வருமுன்னே ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பி வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தார். மாமாவின் ராத்தாவுடைய, அதாவது மூத்த சகோதரியுடைய, மகனோ வயல் காணியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

படக்கொட்டகையால் பையன்கள் அந்தி மஃரிபுத் தொழுகைக்கு வருவதில்லை என்று அந்த நாட்களில் பள்ளிவாசலில் முறைப்பாடு வந்தது. மரைக்கார்மார் கூடி, அங்கே என்னதான் காட்டுகிறார்கள் என்று ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வேலை மாமாவின் தலையில் விழுந்தது. படம் ஆங்கிலம் என்பதால் என் தலையிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேர ஆட்டத்துக்குப் போனோம். நோட்டீசில் பெரிய எழுத்தில் ‘பதினான்கு ரீல்’ என்று போட்டிருந்தது. கொட்டகையில் ஒரே ஒரு மிசின். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் கச்சான் கடலை விற்கிறவன் உள்ளே வருவான். வாங்கிலில் மூட்டைப் பூச்சி. நான் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ரீல்களை விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ட்ரங்குப் பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கும் ஏழை இளைஞன், துறைமுகத்தில் சாராயம் கடத்திக் கடத்தி, நகரத்தையே கைக்குள் வைத்திருக்கும் கிழவனாவதுதான் கதை. துப்பாக்கி வெடிக்கும் இடங்கள் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. மறக்க முடியாதது அந்த நீண்ட சாப்பாட்டு மேசை. கூட்டத்தில் யாராவது செத்தால் அவனுடைய கதிரையில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஆனால் அவனுக்கும் தட்டு வைப்பார்கள். தொடக்கத்தில் மேசையில் இடமில்லை, ஒரே சத்தம். போகப் போகச் சத்தம் குறைகிறது, வெறும் தட்டுகள் கூடுகின்றன. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவ்வளவு சொல்லாமல் விட்ட படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா என்னைப் பார்க்க விட்டால்தானே!

“என்ன செல்றான்? இந்த ஒல்லியன் ஆரு?”

“கிழவன்ட ராத்தாட மகன், மாமா.”

“அப்ப அடுத்த மரைக்கார் இவன்தான்.”

“இது கள்ளக் கூட்டம் மாமா. மரைக்கார் இல்ல.”

“கள்ளக் கூட்டமெண்டாலும் தலைக்கு ஒராள் வேணுமெல்லோ மகன்.”

பதினோராவது ரீலின் கடைசியில், படுக்கையில் கிடக்கும் கிழவன் தன் தொப்பியை எடுத்து மகனின் தலையில் வைத்தான். ஒல்லியன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையே எழும்பிவிட்டது.

“டேய், மகனுக்கோ குடுக்கான்? அவன் வேற குடியெல்லோடா!”

“இனி செத்து விழுற மையத்தெல்லாம் தூக்கப் பள்ளிச் சந்தூக்கு ஒண்டு காணாது, பாத்துக்க!”

விளக்கு வந்தது, போனது. அடுத்த காட்சியில் எடுத்த எடுப்பிலேயே பொலிஸ் வீட்டைச் சுற்றி நின்றது. சாராயக் கிட்டங்கி எரிந்தது. தொப்பி போட்ட மகன் கடற்கரையில் விழுந்து கிடந்தான். கிழவன் முழு மேசைக்கும் தட்டு வைக்கச் சொல்லிவிட்டுத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டான். அத்தோடு படம் முடிந்தது. என் விரலில் பதின்மூன்று.

“மாமா, ஒரு ரீல் குறையிது. பொலிசுக்கு எப்பிடித் தெரிஞ்செண்டு காட்டவேயில்ல.”

“எல்லாத்தையும் எண்ணிக்கொண்டிரியாதீங்க மகன். மகனுக்குக் குடுத்தான், அழிஞ்சான். இதுக்கு மேல என்னத்தக் காட்டோணும்?”

வெளியே வந்த சனம் முழுவதும் அதைத்தான் சொன்னது. மாமா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று, தன் ராத்தாவின் மகனுடைய பெயரைச் சொன்னார்.

மச்சான் நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க இங்கிலீஸ் படிச்சது எங்கட வாப்பாட புத்தியக் கெடுக்கத்தானா மச்சான்?”

“நான் படத்துல இருந்ததத்தான் சென்னன்.”

“இருந்தத மட்டும் சென்னா கள்ளன்ட கதை பள்ளிக்கு எப்பிடி வந்த?”

 அன்றிலிருந்து நான் இருக்கும் சவனில், எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில், அவர் சாப்பிட உட்காரவில்லை. மாமி அவருடைய பங்குக் கறியை வழக்கம்போல அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு வந்தார். மூன்று பேர் உண்ணும் சவனில் ஒரு பக்கம் சோறு அப்படியே கிடக்கும். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்காரர் வேறு நோட்டீஸ் விட்டார்: ‘விடுபட்ட ரீலுடன்’. படப்பெட்டிகள் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருபவை. ஒரு பெட்டியை அங்கேயே ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். நான் தனியே போனேன். மூட்டைப் பூச்சியும் கச்சானும் அப்படியே இருந்தன.

அந்தப் பன்னிரண்டாவது ரீலில்தான் படத்தின் உயிர் இருந்தது. மழையில் ஒல்லியன் பொலிஸ் நிலையத்துக்கு நடக்கிறான். அவனைத் தடுக்க வந்த இருவர் வழியில் சாகிறார்கள். உள்ளே அவன் பேசுவதைக் கண்ணாடிக்கு வெளியேயிருந்துதான் காட்டுகிறார்கள், குரல் கேட்காது. ஒவ்வொரு பெயருக்கும் அவன் விரல் மேசையில் ஒரு தடவை தட்டுகிறது. முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குப் படம் பார்த்த சந்தோசம் பாதி, வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டுமே என்ற பாரம் பாதி.

இஷா தொழுதுவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, காட்டிக் குடுத்தது ராத்தாட மகன். ஒவ்வொரு பேருக்கும் விரலால மேசையில தட்டித் தட்டிச் சென்னான்.”

அவருடைய கை நின்றது. “தொப்பிக்கா?”

“ஓம்.”

“அவன்ட மூஞ்சப் பாத்தா அப்பிடித் தெரியல்லயே.”

“அதுதான் படம், மாமா.”

எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு, “பள்ளியில பேர் குடுத்தாச்சி. உங்கட மச்சானுக்கு இத செல்லாதீங்க” என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இன்னும் ஒரு ரீல் எங்கேயாவது கிடக்கிறதோ என்னவோ.

முறைப்பாட்டுக்கு என்ன பதில் என்று மரைக்கார்மார் கேட்டபோது, “முழுசாப் பாக்காம ஒண்டும் செல்லப்படாது” என்று மட்டும் மாமா சொன்னாராம். அடுத்த ஜும்ஆவுக்கு நானும் அவரோடு போனேன். முன் வரிசையில் புது மரைக்கார் தனக்குப் பக்கத்தில் மாமாவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். மாமா போகவில்லை. புது மரைக்காருக்குப் பின்னால், சற்று ஒரு பக்கமாக, முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“முன்னுக்கு வாங்க மாமா.”

“நீ இரி மகன். நான் இஞ்ச இருந்து பாக்கன்.”

மருமகனுக்கு இடம் விட்டுக் கொடுத்த பெரிய மனசு என்று சுற்றியிருந்தவர்கள் மெச்சினார்கள். பின் வந்த ஜும்ஆக்களிலும் அந்த இடத்தை அவர் மாற்றவில்லை. புது மரைக்கார் பள்ளிக் காணி நெல்லில் ஒரு மணி கூடத் தவறவிட்டதில்லை. யாரையும் காட்டிக் கொடுத்ததும் இல்லை. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது அந்த மனிதரின் விரல் தொடையில் லேசாகத் தட்டும். பழக்கம் போலிருக்கிறது. மாமாவின் கண் அந்த விரலிலேயே இருக்கும்.