டெல்லிக்காரங்களுக்காக அடிச்ச வெள்ளை

எங்க டிபார்ட்மெண்டுக்குப் பின்னாடி ரெண்டு செவுரு தனியா நின்னுக்கினு இருந்துச்சு. இடுப்பு ஒசரம், ஆறடி நீளம். கூரையும் கெடையாது, கதவும் கெடையாது. வேலைக்குச் சேந்த மொத நாளு, பாதியில வுட்டுட்ட கக்கூஸுன்னுதான் நெனச்சேன். கிட்டப் போயி பாத்தா செவுரு முழுக்க பென்சில் கோடு. ஒவ்வொரு விரிசலு பக்கத்துலயும் தேதி, மில்லிமீட்டரு. உப்பு பூத்த எடத்தையெல்லாம் மேப்புல ஏரி வரையற மாதிரி வளைச்சி வளைச்சி போட்டிருந்துச்சு. கீழ ஒரு அம்மா மணையப் போட்டு குந்திக்கினு, மூக்குக்கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவுட்டு, செவுத்துல மூஞ்சிய ஒட்டவெச்சி எதையோ அளந்துக்கினு இருந்தாங்க. "இன்னாம்மா, செவுத்துக்கு காய்ச்சலா?"ன்னு கேட்டேன். திரும்பாமலே, "ஆமா. தெனம் காலையில செவுத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும், அதான் மருந்து. நீதான் புது ஆளா?"ன்னாங்க. அவங்கதான் டிபார்ட்மெண்டுக்கே தலைவி, எச்.ஓ.டி. அம்மான்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. நான் நாக்கக் கடிச்சிக்கினேன். அவங்க ஸ்கேல கீழ வெக்கல.

இது தொண்ணூத்தொண்ணுல. ஒரகடம் ரோட்டுல அப்போ இன்னிக்கி மாதிரி பாக்டரி பஸ்ஸு வரிசை கட்டாது. வாலாஜாபாத் பஸ்ஸ வுட்டா ஆட்டு மந்தைதான் டிராபிக்கு. மெட்ராஸ்ல இருந்த கவர்மெண்டு யுனிவர்சிட்டி ஒண்ணு இங்க ஒரு கிளைய தொறந்து வெச்சிருந்துச்சு. பத்தாவதுல ரெண்டு தடவ பெயிலான எனக்கு அங்க தினக்கூலி அட்டெண்டர் வேலை. "பாஸானவன்லாம் வேலைக்கு அலையறான், நான் பெயிலாகி யுனிவர்சிட்டிக்கே வந்துட்டேன்"னு ஊர்ல பீத்திக்குவேன். அம்மாவோட ஆராய்ச்சி இதான்: பவுண்டரியில இரும்பு ஊத்தி முடிச்சி தூக்கிப் போடற கருப்பு மண்ண ஏரி மண்ணோட கலந்து செங்கல் சுட்டா நல்லா நிக்குமா, நிக்காதா? ஒரு செவுரு சாதா செங்கல், ஒரு செவுரு கலப்பு செங்கல். ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே வெயிலு. எது மொதல்ல பொரிஞ்சி கொட்டுதுன்னு ரெண்டு வருஷமா பாத்துக்கினு இருந்தாங்க.

அம்மாவுக்கு இன்னொரு கிறுக்கும் இருந்துச்சு. பாடம் நடத்தறதோட வாத்தியாரு வேலை முடியக்கூடாது, ஒவ்வொரு லெக்சரரும் ஆராய்ச்சி பண்ணணும், அதுக்கு வெளியில இருந்து காசு கேட்டு எழுதணும்பாங்க. சாருங்களுக்கு இது வேப்பங்காயி. ஒருத்தரு சிலபஸ் முடியலம்பாரு. குன்றத்தூர்ல இருந்து வர்ற சாரு, மூணு மணி பஸ்ஸ வுட்டா வூட்டுக்கே போவ முடியாதும்பாரு. அந்த ரோட்ல எத்தினி பஸ்ஸு ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? அம்மா சத்தமே போடல. பதினோரு மணி டீ அவங்க செலவு. "இனிமே ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி என் மேஜை மேல வெச்சாத்தான் டீ"ன்னுட்டாங்க. பக்கத்த வாங்கிக்கினு டம்ளர நீட்டற வேலை என்னுது. ஆஹா, என் வாழ்க்கையில அந்த மாதிரி அதிகாரம் அதுக்கப்பறம் வரவே இல்ல. குன்றத்தூரு சாரு ஒரு நாளு பழைய பரீட்சைப் பேப்பர மடிச்சி நீட்டினாரு. "சார், இதுல கேள்விதான் கீது, பதிலு இல்ல. உங்களுக்கு சக்கரை இல்லாத டீதான்"னேன். தொரத்தினாரு பாருங்க, மாமரம் வரைக்கும்.

இவ்ளோ கெஞ்சியும் மெரட்டியும் என்னா? மத்தவங்கள எழுத வெச்ச அம்மாவுக்கே, ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற டெல்லி ஆபீஸ்ல இருந்து காசு வரல. மூணு தடவ எழுதி அனுப்பி மூணு தடவயும் திரும்பி வந்துச்சு. நேர்ல பாத்த ஆதாரம் பத்தலைன்னு ஒவ்வொரு தடவயும் ஒரே பாட்டு. நாலாவது தடவ அனுப்பினப்ப மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து தாக்கீது வந்துச்சு. இந்த வருஷமும் வெளிக்காசு வரலைன்னா கிளைய மூடி எல்லாரையும் மெட்ராஸுக்கே கூப்டுக்குவாங்களாம். அப்படின்னா செவுத்த இடிக்கணும். அம்மா பழையபடி சாக்பீஸு புடிக்கணும். தினக்கூலி நான் ஆட்டு மந்தையோட சேர வேண்டிதுதான். அந்த நேரத்துலதான் டெல்லி கமிட்டி நேர்லயே வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. திங்கக்கெழமை, பதினோரு மணி.

சனிக்கெழமை அம்மா கெளம்பறப்ப, "எடத்த கொஞ்சம் சுத்தமா வெய்யிடா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. எங்க வாட்ச்மேன் தாத்தா பழைய பொதுப்பணித்துறை ஆளு, எத்தினியோ மந்திரிக்கு ரோடு கூட்டினவரு. "தம்பி, ஆபீசரு வந்தா மொதல்ல வெள்ளை, அப்பறம் காவிப் பட்டை, அதுக்கப்பறந்தான் வணக்கமே"ன்னாரு. ஞாயித்துக்கெழமை பூரா ரெண்டு பேரும் பேயா வேலை செஞ்சோம். கேட்டுல இருந்து பாதையோட ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர்ல கோடு. மாமரத்துக்கு இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பு. பக்கெட்டுல மிச்சம் இருந்துச்சு, கையில சுண்ணாம்பு அடிக்கற மட்டையும் இருந்துச்சு. "அந்த ரெண்டு செவுருதான் அழுக்கா கீது"ன்னாரு தாத்தா. சத்தியமா சொல்றேன், அம்மா போட்ட கோடெல்லாம் மறைஞ்சிடுமேன்னு எனக்கு தோணவே இல்ல. பெரிய மனுஷங்க வர்ற எடத்துல விரிசலக் காட்டலாமா? ரெண்டு கோட்டிங்கு அடிச்சோம். கீழ காவிப் பட்டை வேற. செவுரு ரெண்டும் கல்யாண மாப்ளைங்க மாதிரி மினுக்குச்சி.

திங்கக்கெழமை ஏழு மணிக்கு வந்தேன். கை பழக்கம், எப்பவும் போல செவுத்துக்கு ரெண்டு குடம் ஊத்திட்டேன். ஒன்பதுக்கு அம்மா வந்தாங்க. பிளீச்சிங் கோட்டப் பாத்து சிரிச்சாங்க. மாமரத்தப் பாத்து சிரிச்சாங்க. பின்னாடி வந்ததும் சிரிப்பு நின்னுச்சு. அங்கியே மணையில குந்திட்டாங்க. "யாருடா அடிச்சது?" தாத்தா சல்யூட் வெச்சி, "நாங்கதாம்மா, ரெண்டு கோட்டு!"ன்னாரு. அம்மா திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். செவுத்த கையால மெதுவா தடவி, "ரெண்டு வருஷம்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்பதான் அந்த பென்சில் கோடு, தேதி எல்லாம் எங்க போச்சுன்னு எனக்கு ஒறைச்சுது. குன்றத்தூரு சாரு, "மேடம், பின்கதவப் பூட்டிடலாம், சாவி தொலைஞ்சிடுச்சின்னு சொல்லி நீங்க அளவு எழுதி வெச்ச நோட்ட மட்டும் காட்டலாம்"ன்னாரு. "சாவிய கெணத்துல போட நான் ரெடி"ன்னேன். அம்மா எழுந்து பொடவைய தட்டிக்கினாங்க. "ஆதாரத்த கண்ணால பாக்கணும்னுதானே வர்றாங்க? பாத்துட்டுப் போகட்டும். கேட்டா உண்மையச் சொல்லு."

மூணு பேரு வந்தாங்க. கமிட்டித் தலைவரு நரைச்ச மீசை, கோட்டு போட்டுக்கினு வேர்வையில குளிச்சிக்கினு இருந்தாரு. அம்மா நேரா பின்னாடி கூட்டிக்கினு வந்து இங்கிலீஷ்ல சொல்லிட்டாங்க: உங்களுக்காக என் ஆளுங்க சுத்தம் பண்ணிட்டாங்க, என் ஆராய்ச்சி இந்த சுண்ணாம்புக்கு அடியில கீது. மத்த ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்சப் பாத்துக்கினாங்க. தலைவரு மட்டும் செவுத்துக்கிட்ட குனிஞ்சாரு. அப்பதான் நானும் சரியா பாத்தேன். நான் தண்ணி ஊத்தி நாலு மணி நேரம் ஆயிருந்துச்சு. சாதா செவுத்துல சுண்ணாம்பு படை வந்த மாதிரி திட்டு திட்டா பழுப்பேறி, எடத்துக்கு எடம் உரிஞ்சிக்கினு நின்னுச்சு. கலப்பு செவுரு நேத்து அடிச்ச மாதிரியே கீது. தலைவரு என்னைப் பாத்து ஏதோ கேட்டாரு. அம்மா தமிழ்ல சொன்னாங்க, "எது எப்ப அடிச்சதுன்னு கேக்கறாரு."

"ரெண்டும் நேத்துதான். ஒரே பக்கெட்டு, ஒரே மட்டை, ஒரே கை"ன்னு கையத் தூக்கிக் காட்டினேன். கையில இன்னும் சுண்ணாம்பு போவல. தலைவரு அத அப்டியே நோட்டுல எழுதிக்கினாரு. குன்றத்தூரு சாரு மூஞ்சியில பல்பு எரிஞ்சுது. "பாத்தீங்களா, நிரூபணமாயிடுச்சு!"ன்னு ஆரம்பிச்சாரு. அம்மா அவர நிறுத்திட்டாங்க. "இல்ல. ஒரு நாளு சுண்ணாம்பு எதையும் நிரூபிக்காது. ஒரு மழைக்காலம், ரெண்டு மழைக்காலம் பாக்கணும். அதுக்குத்தான் காசு கேக்கறேன்." எனக்கு வயித்தெரிச்சல். ஜெயிச்ச ஆட்டத்த யாராவது தானே கலைப்பாங்களா? தலைவரு நோட்ட மூடினாரு. நான் நீட்டின டீய குடிச்சிட்டு காருல ஏறிட்டாரு.

ரெண்டு மாசம் அம்மா தபால்காரர வாசல்லியே மடக்குவாங்க. வெளிய தெரியக்கூடாதுன்னு செடிக்கு தண்ணி ஊத்தற மாதிரி நிப்பாங்க, வாளி காலியா இருக்கும். கடைசியா ஒரு பழுப்புக் கவரு வந்துச்சு. பிரிச்சி படிச்சாங்க, திரும்ப மொதல்ல இருந்து படிச்சாங்க. சாருங்க எல்லாம் கிளாஸ வுட்டுட்டு ஓடியாந்து வாசல்ல நின்னாங்க. மூணு வருஷத்துக்கு காசு குடுத்துட்டாங்க. கிளைய மூடல. அன்னிக்கி சாயந்தரம் குன்றத்தூரு சாரு மூணு மணி பஸ்ஸ வுட்டுட்டு, அம்மா ரூமுக்கு வெளிய காகிதத்த சுருட்டிக்கினு நின்னாரு. "மேடம், என்னுதையும் கொஞ்சம் பாக்கறீங்களா?"

ஆனா கடுதாசியில கடைசியா ஒரு கண்டிஷனு. அம்மா எல்லாருக்கும் முன்னாடி என்னைக் கூப்ட்டாங்க. "செவுத்து மேல சுண்ணாம்பு எவ்ளோ நாளு நிக்குதுன்னும் சேத்து ஆராய்ச்சி பண்ணணுமாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ அடிக்கணும். அளவு மாறக்கூடாதுன்னு மூணு வருஷமும் ஒரே ஆளே அடிக்கணும்னு எழுதியிருக்காங்கடா"ன்னு சொல்லிட்டு கண்ணாடிய கழட்டித் தொடைச்சாங்க. "உன்னை வேலைய வுட்டு அனுப்பணும்னு நெனச்சேன். இப்ப டெல்லியக் கேக்காம அனுப்பவும் முடியாது போல."

இப்ப அம்மா மெட்ராஸ்ல, எல்லா டிபார்ட்மெண்டையும் எழுத வெக்கற பெரிய வேலையில கீறாங்க. இங்க சாருங்க ஆளாளுக்கு ஒரு ப்ராஜெக்ட்டு வெச்சிக்கினு எடத்துக்கு சண்டை போடறாங்க. போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. நான் எப்டிக் கீறேன்னு கேக்கவே இல்ல. "செவுரு எப்டிடா இருக்கு?"

"கலப்பு செவுரு கல்லு மாதிரி கீதும்மா. சாதா செவுருதான் உங்கள மாதிரி, வயசாயி லேசா சாஞ்சிக்கினு கீது."

ஒடனே அம்மா, "எத்தினி மில்லிமீட்டரு?"ன்னு கேட்டாங்க. ஸ்கேல எடுக்க ஓடினேன்.