முன்னால் தள்ளிய இருக்கை

எங்கள் தெருவில் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் மஞ்சள் அளவு நாடாதான் காரணம். கடைக்குப் போனாலும் தொங்கும், கல்யாணத்துக்குப் போனாலும் தொங்கும். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ்தான் அதைக் கழற்றி ஓரமாக வைத்தாளாம்.

தையல்காரியிடம் உண்மை பேசுகிறவர்கள் குறைவு. இடுப்பு பெருத்தவர் துணி சுருங்கிவிட்டது என்பார். துணியைப் பற்றாக்குறையாக வாங்கி வந்தவர், மிச்சத்தை நீ எடுத்துக்கொண்டாயா என்று கண்ணாலேயே கேட்பார். கேட்டுக் கேட்டு டேப்பக்காவுக்கு மனிதர்களின் வாய்மேல் நம்பிக்கை போய்விட்டது. நாடா சொன்னால் மட்டும் நம்புவாள். ஊரையே அளந்த அவள் தன்னை மட்டும் அளந்துகொண்டதே இல்லை. தனக்குத் தைக்க வேண்டுமென்றால் பழைய உடுப்பைப் புதுத் துணிமேல் விரித்து, ஓரத்தோடு ஓரமாக வெட்டிவிடுவாள். அது ஒரு குறையென்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் கணவர் மெத்தைக் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுகிறவர். வாசலில் குனிந்து நுழையும் உயரம். பேச்சு குறைவு. குழந்தைகள் இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலை வேளையில், பழைய கார் ஒன்றைத் தெரிந்தவர் டெம்போவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

அதைக் கார் என்று சொல்ல மனசு வரவேண்டும். கதவுகளின் அடிப்பகுதியைத் துரு தின்று சல்லடையாக்கியிருந்தது. தரைத்தகட்டில் ஒரு பூனை நுழையும் ஓட்டை. அவர் கண் முன்னாலேயே ஒரு பூனை நுழைந்து, பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தது.

எதற்கு இது என்று டேப்பக்கா கேட்டாள். சும்மா கிடந்தது, சரிசெய்து பார்க்கலாமென்று நினைத்தேன் என்றார். பிடித்த பாட்டு ரேடியோவில் வந்தால்கூட எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டாத மனிதர் அவர். சும்மா ஒரு வேலை செய்கிறார் என்றால் அதை எந்தத் தையல்காரி நம்புவாள்?

அன்றைக்கு அவள் மனசில் விழுந்தது முதல் தையல்.

கையில் பணம் கிடையாது. வீட்டில் இருப்பதை வைத்துத்தான் வேலை நடந்தது. சமையலறை வினிகர் முழுவதும் ஒரு வாளிக்குள் போய், அதற்குள் துருப்பிடித்த போல்ட்டுகள் ஊறின. ஓடாமல் கிடந்த வாஷிங் மெஷினின் பக்கத் தகடு ஒருநாள் காணாமல்போய், காரின் தரையாக வெல்டிங் செய்யப்பட்டுத் திரும்பி வந்தது. பழைய மெத்தையின் பஞ்சு சீட்டுக்குள் புகுந்தது. யாரோ இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. துருவைச் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசுவது, மறுபடி உப்புத்தாள். வேலை முடிந்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடி, நாலு மூலையும் இழுத்துக் கட்டிவிடுவார். கிட்டே வந்தால் தூசி, போ உள்ளே என்பார்.

ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்தாள். மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கார் கதவை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.  இரும்பைத் தடவிக்கொண்டு இப்படிச் சிரிக்கிறவர் மனசில் யாரைத் தடவுகிறார்?

அந்த வாரமே அவர் சட்டையைத் துவைக்கப்போனபோது, பையில் ஒரு கயிறு கிடைத்தது. சணல் கயிறு, நடுநடுவே முடிச்சுகள். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளப்பது நாடா இல்லாதவர்கள் செய்கிற வேலை. வீடு முழுக்க நாடா கிடக்கும்போது இவர் எதற்காகக் கயிற்றால் அளக்க வேண்டும்? யாரை?

முடிச்சு முடிச்சாக நாடாவை வைத்துப் பார்த்தாள். முதல் முடிச்சு கழுத்து, அடுத்தது இடுப்பு என்று வைத்தால் அந்தப் பெண்ணுக்கு இடுப்பைவிடக் கழுத்து பெரியது. மாற்றி வைத்தால் கை, கால்வரை நீண்டது. எப்படி மாற்றி வைத்தாலும் மனுஷப் பிறவியாக வரவில்லை. கயிற்றை இருந்தபடியே பையில் வைத்துவிட்டு, தங்கைக்குப் போன் செய்தாள்.

தங்கை அடுத்த நாளே வந்தாள். வருத்தமான செய்தியென்றால் அவளுக்குக் கால் வலி தெரியாது.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் வீட்டுக்காரரு ஒரு ஆணி அடிக்கணும்னாலே ஆறு மாசம் யோசிப்பாரு. மாமா ஒரு காரையே செய்யறாரு. யாருக்காகவோ செஞ்சாத்தான் அப்படிச் செய்ய முடியும்."

"உன் வாயைக் கொஞ்சம் தைக்கட்டுமா? ஊசி கையிலதான் இருக்கு."

"தை. இப்ப சாப்பிடும்போது மாமா மேசையில இருந்த தண்ணி கிளாஸைத் தட்டிவிட்டாரே, பார்த்தியா? அது எதனாலன்னு நினைக்கிற? தூக்கத்துலயா?"

தங்கை போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. குடியா? வாயை முகர்ந்து பார்த்தாள். வினிகர் வாசனையும் பெயின்ட் வாசனையும்தான் வந்தன.

சீட்டுக்கு உறை தைத்துத்தரும்படி கணவர் கேட்டார். கேட்டது அவ்வளவுதான். சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தார், காருக்குள் எட்டிப்பார்க்க விடவில்லை. பழைய சோபாவிலிருந்து கிழித்த பழுப்பு ரெக்ஸினில் உறை தைத்தாள். உறை முடியுமுன்பே சீட்டை மறுபடி பொருத்திவிட்டு, அவர் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பிய பகல் வேளையில், உறையோடும் நாடாவோடும் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே குனிந்தாள். உறை சரியாக இருக்கிறதா பார்க்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஓட்டுகிறவரின் இருக்கையைப் பார்த்ததும் இன்னும் கிட்டே குனிந்தாள். தரையில் புதிதாகத் துளை போட்டு, அதை வெகுவாக முன்னால் தள்ளிப் பொருத்தியிருந்தார். பிரேக், கிளட்ச் மிதிகளின் மேல் மரக்கட்டை வைத்துத் திருகியிருந்தார். நெட்டையான தன் கணவர் இதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். இது அவருக்காக இல்லை.

நாடாவை விரித்தாள். இருக்கைக்கும் மிதிக்கும் நடுவே அளந்தாள். இத்தனை கால் என்றால் இத்தனை உயரம். முதுகுப் பக்கம் கீழே ஒரு மெல்லிய பஞ்சுத் திண்டு. இடுப்பு வலி உள்ளவள். கண் முன்னால் ஒரு பெண்ணை அளவுகளாலேயே கட்டி நிறுத்தினாள். குள்ளம், ஒல்லி, நடுவயது. தான் உடுப்பு தைத்துக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் மனசில் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். மெத்தைக் கம்பெனியில் கணக்கெழுதும் அம்மாவிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. போன வருடம் அவளுக்கு ஒரு பேன்ட் தைத்தாள். கால் நீளம் ஞாபகம் இருந்தது. இதேதான்.

மறுநாள் அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனார். கடவுளே கொடுத்த சாக்கு என்று அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். வாசலில் வாட்ச்மேனிடம், வேன் வந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் இப்போது வேனில் இல்லையேம்மா, ரொம்ப நாளாகவே இல்லை, குடோனில்தான் மூட்டை அடுக்குகிறார் என்றார் வாட்ச்மேன். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தினமும் மாலையில் டிராபிக், வளைவு, பஞ்சர் என்று கதை சொன்ன வாய்!  அப்போது கணக்கம்மா வெளியே வந்தாள். டேப்பக்காவைக் கண்டதும் முகம் மாறியது. கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தைரியமா இருங்கக்கா. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

என்ன நெஞ்சழுத்தம்! என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டு எனக்கே தைரியம் சொல்கிறாள்.  டேப்பக்கா கீழே குனிந்து அவள் காலை மட்டும் ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பச்சைப் பெயின்ட் காய்ந்து கார் பளபளத்தது. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் திட்டுத் திட்டாக வழிந்திருந்தது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கடைசி உறையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே போய்க் கேட்டார். டேப்பக்கா ஒரு கையில் உறையும், மறு கையில் பெரிய கத்தரியுமாக வாசலில் வந்து நின்றாள்.

திருமணமான நாளிலிருந்து அவரை நீங்க என்றுதான் அழைப்பாள். அன்று அது வரவில்லை.

"யாருக்கு இந்த சீட்டு? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா இதை நார் நாராக் கிழிச்சுட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"கத்தரியைக் கீழ வை."

"கணக்கம்மாவுக்கா?"

அவர் முழித்தார். பிறகு, இவ்வளவு நாளும் அவள் மனசில் என்ன ஓடியிருக்கிறது என்று மெல்ல மெல்லப் புரிந்தது. புரிந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டார்.

"உட்காரு."

"நான் எதுக்கு?"

"உட்காரும்மா. அப்புறம் கிழி."

கத்தரியோடே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் தானாக நீண்டது. தேடவில்லை, எக்கவில்லை. தையல் மெஷின் மிதியின் மேல் தினமும் எப்படி விழுமோ அப்படி, நேராக மிதியின்மேல் போய் விழுந்தது. கை நீட்டினாள். ஸ்டீயரிங், மெஷினின் சக்கரம் இருக்கும் தூரத்தில் இருந்தது. முதுகில் அந்தத் திண்டு, ஸ்டூலில் அவள் மடித்து வைத்துக்கொள்ளும் துணியைப்போல, வலிக்கும் இடத்தைத் தாங்கியது.

 ஊரிலுள்ள எல்லாக் கால்களையும் அறிந்தவள், தன் காலை அன்றைக்குத்தான் அறிந்தாள்.

"நீ கடைக்குப் போனப்ப, உன் ஸ்டூலுக்கும் மெஷின் மிதிக்கும் நடுவுல கயிறு புடிச்சேன்" என்றார் அவர். "உன் டேப்பைத் தொட்டா கண்டுபுடிச்சுடுவ."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"கத்துக்கணும். எனக்குக் கண்ணு போகுது."

வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். கம்பெனியில் கண் பரிசோதனை நடந்ததாம். ஓரங்கள் இருண்டுகொண்டே வருகின்றன, இருக்கிறதைக் காப்பாற்ற மருந்து உண்டு, போனது திரும்பாது என்றாராம் டாக்டர். அன்றே வேன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குடோனில் வேலை போட்டுக்கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் மன்றாடியவள் கணக்கம்மாதான். கண் சரியாகத் தெரியாததால்தான் கண்ணை மூடி, கையால் தடவிப் பட்டியின் மேடு பள்ளத்தைப் பார்த்தார். தண்ணீர் கிளாஸும் அப்படித்தான் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தெரியும்போதே இதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தன்னை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, அவள் தைக்கும் திரைச்சீலைகளைக் கடைக்கு யார் கொண்டுபோவது என்ற பயம்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ மெஷினை விட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவ. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் என்ன இருக்கு?"

கத்தரி அவள் மடியிலிருந்து நழுவி, வாஷிங் மெஷின் தகட்டில் விழுந்து ஓசையெழுப்பியது. ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதாள். தன் சந்தேகத்துக்காக அழுதாளா, அவர் கண்ணுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அழுது முடித்து நிமிர்ந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று.

"இனிமே என்கிட்ட எதையாவது மறைப்பீங்களா?"

அந்த நீங்க திரும்பி வந்துவிட்டது. அவர் மாட்டேன் என்றார். அவள் நம்பவில்லை.

இப்போது எங்கள் தெருவில் அந்தப் பச்சைக் கார் போகும்போது பார்க்க வேண்டும். உறையை அன்றே போட்டுவிட்டாள், கத்தரி படவில்லை. டேப்பக்கா நாடா கழுத்தில் ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். பக்கத்தில் முழங்கால் முட்ட அவர். போகும் வழியெல்லாம் அவரைச் சோதித்துக்கொண்டே வருவாள். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அந்த அம்மா என்ன கலர் உடுத்தியிருக்கிறாள் என்று. சிலதைச் சரியாகச் சொல்வார். சிலதை ஊகித்துச் சொல்வார். ஊகித்தது எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

முனை வந்ததும், இடது பக்கம் ஒண்ணும் வரல, போ என்பார் அவர்.

டேப்பக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அவருக்குத் தெரியாதபடி, தானே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான், சரிங்க என்று சொல்லி வண்டியைத் திருப்புவாள்.