ஒன்பதாம் நம்பர் பிளக்

என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, செஞ்சி கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் திண்டிவனம் ரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அன்றிலிருந்து கையில் கிரீஸ்தான். அப்படியிருக்க, வேகமாக ஓடும் இன்ஜினை அவர் வீட்டுக் கூடத்தில் அவர் கட்டுகிறார், நான் போய் வேடிக்கை பார்க்கிறேன். இதைத் தாங்க எனக்கு மனசு போதவில்லை.

மேல்சித்தாமூரில் யாரோ மாட்டுக்கொட்டகையில் போட்டுவைத்திருந்த பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. இன்ஜினைப் பிரித்து, கொழுந்தியாளின் பழைய புடவையை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு பாகத்தையும் அடுக்கியிருந்தார். கிராங்க், போர் போட்டு உட்புறம் அகலமாக்கிய சிலிண்டர், புதுப் பிஸ்டன், பெரிய கார்புரேட்டர். நட்டு போல்ட்டெல்லாம் டிபன் டப்பாக்களில். எது எங்கே போகும் என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தது. என் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகர டப்பா.

எனக்கும் ஒரு இன்ஜின் இருந்தது. நாலு வருஷமாகச் சாக்குக்கு அடியில் கிடந்தது. வாடிக்கை வண்டிகள் விடமாட்டேன் என்கின்றன என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம். சிலிண்டரில் காற்று போகும் துளையை அரத்தால் பெரிதாக்க வேண்டும். ஒரு நூல் கூடப்போனாலும் சிலிண்டர் குப்பைக்குத்தான். அந்த நினைப்பிலேயே அரம் எடுத்த கை இறங்கிவிடும். சகலைக்கு அந்தப் பயம் கிடையாது. போனில் வீடியோ பார்த்தார், அரத்தை வைத்தார். நான் துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன், குறை கண்டுபிடிக்கத்தான். ஓரம் வழவழவென்று இருந்தது.

"எப்பிடி சகல?" என்றார்.

"பரவால்ல."

"மாமா வாயால பரவால்லன்னு வந்துட்டா நூத்துக்கு நூறு போட்டாப்பலதான்" என்றாள் கொழுந்தியா, காபி டம்ளரை நீட்டியபடி.

வீட்டுக்கு வந்தால் மனைவி. "போனு விக்கிறவரு இன்ஜின் கட்டுறாரு. இன்ஜின் பாக்கிறவரு இன்னா பண்றீங்க, சாக்கு போத்திவுட்டுத் தூங்க வைக்கிறீங்க."

அந்த வாரத்தில்தான் அவர் பாண்டிக்குப் போய் இன்ஜினில் தீப்பொறி அடிக்கும் பிளக் வாங்கி வந்தார். சின்ன டப்பாவைத் திறந்து, நகைக்கடையில் காட்டுவதைப் போல உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"வீடியோல ஏழாம் நம்பரு பிளக்க கழட்டிட்டு ஒம்பது போடச் சொன்னான் சகல. அந்தக் கம்பெனி கெடைக்கல. வேற கம்பெனில அதே ஒம்பது இருந்துது. மரையெல்லாம் ஒண்ணுதான், கையாலயே ஏறுது."

டப்பாவைத் திருப்பிக் கம்பெனிப் பெயரைப் பார்த்தேன். வேகமான இன்ஜினில் சூடு அதிகம். அதற்கு வெப்பத்தைச் சட்டென்று இறக்கிவிடும் பிளக் வேண்டும். அதைக் கோல்ட் பிளக் என்போம். வீடியோக்காரன் சொன்ன கம்பெனியில் நம்பர் ஏற ஏறக் கோல்ட். சகலை வாங்கிவந்த கம்பெனியில் நம்பர் ஏற ஏற ஹாட். அவருக்கு வேண்டியதற்கு நேர் எதிரானது அவர் கையில் இருந்தது. அதைப் போட்டு முறுக்கினால் பிளக் முனை நெருப்புக் கங்காகிப் பிஸ்டன் தலையை ஓட்டை போட்டுவிடும்.

நான் சொல்லவில்லை. காபியைக் குடித்தேன்.

"ஞாயித்துக்கெழம திருவண்ணாமல ரோட்ல ரன்னிங் பாக்கணும்" என்றார்.

"பாருங்க" என்றேன்.

வெந்து போகட்டும். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் வீட்டில் சோற்றுத் தட்டு வரைக்கும்கூட நிற்கவில்லை. பிஸ்டன் உருகினால் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். கோட்டையைத் தாண்டி மலைகளுக்கு நடுவே வளைகிற இடத்தில் நின்றால்? பின்னால் லாரி வந்தால்? கொழுந்தியாளும் ஏறி உட்கார்ந்துவிட்டால்? கடைசியாக இன்ஜினைப் பார்த்த மெக்கானிக் யார் என்று கேட்பார்களே. இரண்டு நாளும் இதே நினைப்புதான். என் பொறாமை பெரியதுதான். பயம் அதைவிடப் பெரியது.

சனிக்கிழமை காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். பிளக் ஏறியிருந்தது, இன்ஜின் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. சகலை சிரித்தார்.

"போர் போடாதீங்கன்னீங்க. சிலிண்டர் ஹெட்ட சீவாதீங்கன்னீங்க. கார்புரேட்டர் பெருசுன்னீங்க. இப்ப பிளக்கா?"

"இது அப்பிடியில்ல சகல. நெசமா சொல்றேன்."

"ஒம்பதுன்னா கோல்டுன்னு எல்லா வீடியோலயும் சொல்றான்."

"அது அந்தக் கம்பெனிக்கு."

"மாமாக்கு எதப் பாத்தாலும் டென்ஷன்" என்றாள் கொழுந்தியா. "எங்க வூட்டு ஃபேனுகூட கழண்டு வுழுந்துடும்னு அண்ணாந்து பாத்துக்கினேதான் சாப்புடுவாரு."

சகலை சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "உங்க இன்ஜின் நிக்குதேன்னு என்னுதும் நிக்கணுமா?"

முன்பு சொன்னதெல்லாம் பொறாமையில் சொன்னவை. இது ஒன்றுதான் நிஜம். ஆனால் இதற்கும் என்னிடம் அதே முகம், அதே குரல்தான் இருந்தது.

பட்டறைக்குப் போனேன். காலி ஆயில் டின் ஒன்றின் அடியில், கந்தல் துணி சுற்றி, ஒரு பழைய பிஸ்டன் வைத்திருந்தேன். எடைக்குப் போட்டால் பழைய இரும்புக்காரர் பார்த்துவிட்டு யார் வேலை இது என்று கேட்பாரோ என்ற பயத்தில் வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய்ப் புடவைமேல் வைத்தேன். தலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை.

"யார் வண்டிது?"

"அவலூர்பேட்ட பால்காரரு வண்டி. இதே கம்பெனி பிளக்கு. நம்பர் பெருசா போட்டா கோல்டுன்னு நெனச்சி நான்தான் போட்டேன்."

"அவருகிட்ட இன்னா சொன்னீங்க?"

"பெட்ரோல்ல கலப்படம்னு."

"நம்புனாரா?"

"நம்பி, புதுப் பிஸ்டனுக்கும் காசு குடுத்தாரு."

கொழுந்தியா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலை தெரிந்தவன் என்று இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதையும் அவளோடு உள்ளே போயிற்று. சகலை ஓட்டைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து ஒன்பதைக் கழற்றினார். என் பட்டறையில் அதே கம்பெனியின் கோல்ட் பிளக், ஐந்தாம் நம்பர், இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். டீக்கடை எதிரில் நின்றேன். முழுசாக முறுக்கிக்கொண்டு வந்து, சுவிட்சை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்து உருட்டி நிறுத்தினார். அங்கேயே பிளக்கைக் கழற்றினார். பிளக் முனை வெளுத்திருந்தால் சூடு அதிகம், கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். இது சரியான பிஸ்கட் நிறம். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு இன்ஜினிலும் எனக்கு அந்த நிறம் முதல் ஓட்டத்திலேயே வந்ததில்லை.

"சகல குடுத்த பிளக்கு" என்று டீக்கடையில் நின்றவர்களிடம் சொன்னார். பெரிய மனசோடுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. பிளக் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சகல."

"முட்டி வலிக்குது" என்றேன். ஓட்டினால் அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அவர் திரும்ப ஏறிப் போனார். சத்தம் மலைப்பக்கம் போய்த் தேய்கிற வரைக்கும் காதைக் கொடுத்து நின்றேன், எங்காவது ஒரு தட்டல், ஒரு இடறல் கேட்காதா என்று. ஒன்றும் கேட்கவில்லை.