தரங்கம்பாடியில் மூன்று நாள், பொறையாறில் நான்கு

2007 பிப்ரவரியில் நான் தரங்கம்பாடி போனதற்குக் கடலோ கோட்டையோ காரணமில்லை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில், பொறையாறில், என் அக்கா இருக்கிறாள். ஏழு வருடமாகப் பேச்சில்லை. என் மகளின் கல்யாணம் அத்தை இல்லாமலே நடந்தது. நேரில் வந்து தட்டு வைத்து அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டேன் என்பது அவள் குறை. லீவு தராத என் மேலதிகாரியை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்போது அவளையும்தான்.

பெங்களூரில் மாலை ஏழு மணிக்கு ரயில் ஏறினால் காலை ஏழரைக்கு மயிலாடுதுறை. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பத்து ரூபாய். அறை வாடகை நாளுக்கு முந்நூறு. வெந்நீர் கேட்டால்தான் வரும். கேட்டாலும் உடனே வராது.

ஊரை நடந்தே பார்த்துவிடலாம். பழைய நகர வாயிலில் நுழைந்து, தேவாலயங்களைத் தாண்டி, டேனிஷ்காரர்களின் கோட்டைக்குப் பத்தே நிமிடம். வடக்கே கடலோரமாகக் கொஞ்சம் போனால், அலை பாதியைத் தின்றுவிட்ட சிவன் கோயில். மூன்று நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். பொறையாறு பஸ் வரும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மாலை, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சுனாமியைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி வந்துச்சு, போச்சு சார். அதுக்கப்புறம் யாரு விசாரிச்சா, யாரு விசாரிக்கலன்னு பாரு, அதுதான் மனசுல நிக்குது. பேச்சுவார்த்தை இல்லாத என் நாத்தனாகூட ஓடி வந்தா."

சுனாமி வந்த அன்றைக்கு நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில், என் வீட்டில், டி.வி. முன்னால் உட்கார்ந்து, இந்த ஊர்ப் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையெட்டும் தூரத்தில் போன் இருந்தது. எடுக்கவில்லை. அக்கா நலம் என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மறுநாள் காலை பொறையாறுக்கு நடந்தேன், நாற்பது நிமிடம். கடைத்தெருவில் ஒரு எவர்சில்வர் தட்டும், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூவும் வாங்கினேன்.

"பத்திரிகை வைக்கப் போறீங்களா? கல்யாணம் எப்ப சார்?" என்றாள் பூக்காரி.

"ஆயி ஏழு வருஷமாச்சும்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு முழம் அதிகமாகவே அளந்தாள்.

அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெங்களூர்ல தபாலாபீசை மூடிட்டாங்களாடா?"

நான் தட்டை நீட்டினேன்.

"ரெண்டு கையால குடு. எல்லாம் மறந்துபோச்சு உனக்கு."

இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணம் என்னிக்கு?"

"ஆவணி பத்தாம் தேதிக்கா."

"வந்துடறேன்" என்றாள்.

போகிறவர்களுக்கு: கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிடுங்கள். தரங்கம்பாடிக்கு மூன்று நாள் தாராளம். அதற்குப் பிறகு நான்கு நாள் பொறையாறில் இருந்தேன். அங்கே சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.