பாண்காரரின் மெட்டில் வந்த குப்பை லொறி

நஸீர் காக்கா மவுத்தான செய்தி தொலைபேசியில் வந்தபோது, நான் பிரதேச சபைகளின் மாதாந்த ஒப்பீட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிரதேசத்து வீடுகள் பிளாஸ்டிக்கையும் போத்தலையும் எவ்வளவு பிரித்துக் கொடுக்கின்றன என்ற கணக்கு. அட்டவணையில் வாகரைக்கான வரி மட்டும் வெறுமையாக இருந்தது. வாகரைக்கு லொறி ஓட்டியவர் அவர்தான். அன்று மாலையே ஏறாவூரில் அடக்கம் நடந்தது.

இறந்துவிட்டார் என்பதற்காகப் பொய் எழுத எனக்கு வராது. காக்கா நேரத்துக்கு வந்ததே இல்லை. நானோ அவசரக்காரன். வேலையில் சேர்ந்த முதல் வாரமே முட்டிக்கொண்டோம். "இஞ்சினியர் தம்பிக்குத் தேத்தண்ணி ஆறுமட்டும் பொறுமை இல்ல, ஐஸ் போட்டுக் குடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார்.

பிறகு ஒப்பீட்டு வரைபடத்தில் காத்தான்குடியின் கோடு ஏறியது, வாகரையின் கோடு இறங்கியது. அங்கே டீசல் வீண், பயணத்தை நிறுத்தலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. காக்கா கொதித்துப்போனார்.

"சனம் தராம இருக்குமா? ஏறுங்க தம்பி, பாப்பம்."

ஏறினேன். வீதியில் ஒரு பைகூட இல்லை. வீட்டு வளவுகளுக்குள் நுழைந்து பார்த்தோம். கழுவிக் காயவைத்த போத்தல்கள் பைபையாக மாமரக் கிளைகளில் தொங்கின. வாசல் படலையில் வைத்தால் மாடு கிழிக்கிறது; லொறி எப்போது வரும் என்பதும் யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை காக்கா, தெருத்தெருவாகப் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோவின் பழைய ஒலிபெருக்கியை லொறியில் பூட்டி வந்தார். பாண்காரர் வரும்போது ஒலிக்கும் அதே மெட்டு. வாகரையில் பெண்கள் சில்லறையோடு ஓடிவந்தார்கள்.

"பணிஸ் எண்டு ஓடிவந்தா குப்பை லொறியா? நல்லா ஏமாத்துறீங்க காக்கா!" என்று ராசம்மாக்கா ஏசினார்.

"ஓடிவந்தது வந்தாச்சு புள்ள, அந்தப் பையை எடுத்துத் தாங்களன்."

சிரித்துக்கொண்டே எடுத்து வந்தார். கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. ஆனாலும் நிறுத்தும் யோசனை கைவிடப்படவில்லை. இந்த மாதம் சேர்வதைப் பார்த்து மாதக் கூட்டத்தில் முடிவு என்றார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் வாகரை முறை. புதிய சாரதியோடு நானும் போனேன். அவர் மெட்டை நிறுத்திவைத்திருந்தார். பாதித் தெரு கடந்தும் ஒருவரும் வரவில்லை. வெறும் லொறி குலுங்கியது.

"மெட்டைப் போடுங்க அண்ணன்."

"மவுத்தான மனிசனுக்கு மரியாதை வேணாமா சேர்?"

"லொறி நிரம்பினாத்தான் அவருக்கு மரியாதை. போடுங்க!"

மெட்டு ஒலித்தது. படலைகள் திறந்தன. ராசம்மாக்கா இரண்டு கைகளிலும் பைகளோடு வந்து, சாரதி இருக்கையை எட்டிப் பார்த்தார்.

"காக்கா எங்க?"

சொன்னேன். பைகளைக் கீழே வைக்காமலே நின்றார்.

"அப்ப இனி லொறி வராதா?"

"வரும்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் இன்னும் நடக்கவில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றும் வேலை இப்போது என் தலையில்.

போய் வாருங்கள், காக்கா. வாகரை வரியை நிரப்பிவிட்டேன். கூட்டத்துக்கு நேரத்தோடு போவேன்; உங்களுக்கும் சேர்த்துச் சண்டை பிடிக்க இருக்கிறது.