பதில் சொல்லாத டீச்சர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளியில் ஒருவர் ஃபெயில். பிள்ளைகளில் யாரும் இல்லை... நான்தான்!

'ஃபெயில்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'மேம்பாடு தேவை' என்பார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். அடி என்னவோ அதே அடிதான்.

வாராவாரம் இங்கே என்னோடு பேசிக்கொண்டிருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. அங்கே நான்காம் ஆண்டுக்குக் கணிதம் எடுப்பவள் நான்.

எங்கள் வகுப்புகளைக் கண்காணிக்க அவ்வப்போது மேலிடத்திலிருந்து ஆள் வருவார்கள். பின்னால் உட்கார்ந்து, டீச்சர் எப்படிப் போதிக்கிறார் என்று பார்ப்பார்கள். நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால் வருகிறார்கள் என்று தெரிந்த நொடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே ஜுரம் வந்துவிடுகிறது. புது அட்டை, புது வண்ணம், பளபளவென்று லேமினேட். அதிகாரி பார்க்கப்போகும் பாடத்தை முதல் நாளே நடத்தி ஒத்திகை வேறு!

ஒருமுறை எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்தி, அதிகாரி முன்னால் ஒரு ஜோக் சொன்னாள். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து கேட்டதாம்: "டீச்சர், இதுக்கு நேத்தே சிரிச்சிட்டோமே... இன்னிக்கும் சிரிக்கணுமா?"

வகுப்பில் சிரித்தது அதிகாரி மட்டும்தான்.

இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று இந்த வருஷ ஆரம்பத்தில் நானும் ரஹ்மத்தும் ஒரு வேலை செய்தோம். ரஹ்மத் எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சர். கோல சிலாங்கூர் டவுனில் அவள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. என்னைவிட வயதில் இளையவள். வாய் மட்டும் மூத்தது. எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் நான் அவள் வகுப்பில் போய் உட்காருவேன். அவளுக்கு ஓய்வு கிடைக்கும்போது அவள் என் வகுப்புக்கு வருவாள். மதிப்பெண் புள்ளி கிடையாது. 'சூப்பர் டீச்சர்' பாராட்டும் கிடையாது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்ததை அப்படியே சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் வந்தபோது நான் வெளுத்துக்கட்டினேன் என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் கண்டீனில் தே தாரேக் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீங்க கேள்வி கேட்டு மூச்சு விடுறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க. பிள்ளைங்களுக்கு அங்க வேலையே இல்ல."

"நேரம் எங்க இருக்கு ரஹ்மத்? சிலபஸ் முடிக்க வேணாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் யாழினின்னு ஒரு பொண்ணு இருக்கால்ல... நீங்க கேக்குறப்பல்லாம் அவ வாயத் திறக்குறா. நீங்க முந்திக்கிறீங்க. அவ மூடிக்கிறா."

சுருக்கென்றது. யாழினியை நான் ஊமைக்கோட்டான் என்றே முடிவு கட்டியிருந்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. அதனால்தான் இந்தப் பெண் இப்படி என்று காரணம்கூடத் தயாராக வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், அவள் வாயை மூடி வைத்தது நான்!

அன்றைக்கு ரஹ்மத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? டீச்சருக்குச் சும்மா இருப்பதைவிடக் கொடுமையான வேலை கிடையாது.

இந்த நேரத்தில்தான் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்களே, ஒருநாள் பள்ளியை இழுத்து மூடிவிடுவார்களோ என்று பயந்தே தலை நரைத்தவர்.

"யாழினியும் பின்னால இருக்கிற அந்த ரெண்டு பயலுங்களும் அன்னிக்கு நூலகத்துல இருக்கட்டும் டீச்சர். படம் கிடம் வரையட்டும்."

"ஏன் சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க லா. அதிகாரி ஏதாச்சும் கேட்டு, அதுங்க முழிச்சா... பள்ளிக்கூடம் பேர் கெடும். பேர் கெட்டா எவன் பிள்ளையச் சேர்ப்பான்?"

"அந்தப் பாடமே அவங்களுக்குத்தான் சார். தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு நான் எதுக்கு?"

அவர் பேனா மூடியைத் திருகினார். நான் சொன்னேன்: "நான் அனுப்ப மாட்டேன் சார்."

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அப்படிப் பேசியதில்லை. வெளியே வந்தபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வாங்க மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். பின்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலில் தலைமையாசிரியர். ஒத்திகை இல்லை, லேமினேட் இல்லை. அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடம் பின்னம், அதையே எடுத்தேன். பலகையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று இரண்டையும் எழுதிவிட்டுக் கேட்டேன்.

"எது பெருசு? ஏன்?"

கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

மின்விசிறி கடகடத்தது. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. வாசலிலிருந்து தலைமையாசிரியர் கையை ஆட்டி ஆட்டி, 'சொல்லிடும்மா, சொல்லிடு' என்கிறார். அதிகாரி என்னவோ எழுதுகிறார். எனக்கோ பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி...

சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

யாழினி எழுந்தாள். "நாலுல ஒன்னு டீச்சர்."

தப்பு! தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்மா அப்படிச் சொல்ற?"

"வீட்டுல மூணு பேருன்னா அம்மா சின்ன மீனாதான் வாங்குவாங்க. மாமா வந்தா நாலு பேரு. அன்னிக்கு மட்டும் பாசிர் பெனம்பாங் மீன் கடைக்குப் போய் பெரிய மீனா வாங்குவாங்க. அன்னிக்குத்தான் டீச்சர் எனக்குப் பெரிய துண்டு கிடைக்கும்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? இரண்டும் ஒரே மீனிலிருந்து வெட்டிய துண்டு என்று நான் எங்கே சொன்னேன்? இத்தனை வருஷமாகப் பின்னம் எடுக்கிறேன். 'முழுசு ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்' என்பதை நானாகவே மனசுக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

"டேய், ஒரே மீனா இருந்தா மூணுல ஒன்னுதான் பெருசு!" என்றான் ஒருவன்.

"ஒரே மீனுன்னு டீச்சர் சொல்லவே இல்லியே!" என்றாள் இன்னொருத்தி.

வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பின்வரிசைப் பையன்கள்கூட மேசையில் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மணி அடித்துவிட்டது. பாடம் அந்தரத்தில் நின்றது.

அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். "கேள்வி கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா நின்னீங்க டீச்சர். தப்பான பதில் வந்துச்சு, உடனே திருத்தல. பாடத்தோட நோக்கம் நிறைவேறல."

"நிறைவேறல சார். ஒத்துக்கிறேன். ஆனா நான் சும்மா நிக்கல, காத்துக்கிட்டு இருந்தேன்."

கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லியே டீச்சர்..."

கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் கட்டம் இல்லாததற்கு அவர் எப்படிப் புள்ளி போடுவார்? போடவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியர் வெடித்தார். "எல்லாம் நீங்களும் ரஹ்மத்தும் பண்ற கூத்தால வந்தது! இனிமே ஒருத்தர் வகுப்புல ஒருத்தர் போய் உக்கார்ற வேலையே வேணாம்."

"எப்பவோ வர்றவர் பார்க்கலாம். தினமும் பக்கத்து வகுப்புல இருக்கிறவ பார்க்கக் கூடாதா சார்?"

"வேணாம்னா வேணாம்!"

"அப்ப அதை எழுத்துல குடுங்க சார். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறோம்."

முறைத்தார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளக் கூடாது என்று எந்தத் தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்?

வியாழக்கிழமை ரஹ்மத் என் வகுப்புக்கு வந்தாள், தலையை நிமிர்த்திக்கொண்டு. ஒரே அளவில் காகித மீன்கள் வெட்டி வைத்திருந்தேன். ஒன்றை மூன்றாக மடித்தார்கள், ஒன்றை நான்காக. நான் எதுவும் சொல்லவில்லை. யாழினி இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு, கேட்காமலே எழுந்தாள்.

"மீன் ஒன்னுதான்னா, ஆளு கூடக் கூட துண்டுதான் டீச்சர் சின்னதாவும். அப்ப மூணுல ஒன்னுதான் பெருசு."

அதைப் பார்க்க அன்றைக்கு எந்த அதிகாரியும் இல்லை. போகட்டும். நானும் ரஹ்மத்தும் பார்த்தோமே.

நமக்குக் கண்காணிப்பு என்றாலே பயம். குறை கண்டுபிடிப்பார்கள் என்று பயம். குறை இருந்தால் கண்டுபிடிக்கத்தானே வேண்டும்? குறையைப் பார்த்து நமக்கு என்றைக்கும் கெடுதல் வந்ததில்லை. அதை மறைக்கப் பிள்ளைகளை நூலகத்தில் அடைக்கிறோம் பாருங்கள்... கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. யார் வந்தாலும், எத்தனை தரம் புள்ளி குறைந்தாலும்!

வகுப்பு முடிந்ததும் ரஹ்மத்திடம் ஆசையாகக் கேட்டேன்: "எப்படி?"

"யாழினி பேசினா, சந்தோஷம். ஆனா அந்தப் பின்வரிசைப் பையனுங்க ரெண்டு பேரையும் நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலக்கா."

இவளை என்ன செய்வது சொல்லுங்கள்?

வேறொன்றும் செய்யவில்லை. நன்றாக ஒரு முறை முறைத்தேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் நேராகப் பின்வரிசைக்குப் போனேன்.