நூற்றுத் தொண்ணூறு மீட்டர்

பள்ளிச் சீருடை தைக்கிற என் தங்கைக்குத் தெருவில் வைத்த பெயர் கேப்டன். கடலில் கால்கூட நனைத்ததில்லை. அவள் வீட்டுக்காரர் நிலக்கரி ஏற்றும் கப்பலில் சமையல்காரர். அவர் போன எட்டு மாதமாக மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கப்பல்களைக் காட்டும் வரைபடத்தில் அவர் கப்பலின் பெயரைத் தட்டி, அது நிற்கும் புள்ளியைப் பார்ப்பாள். அந்த இடத்து வானிலையையும் விடமாட்டாள்.

அவர் பேசுவது மாதம் ஒருமுறை. எந்தத் துறைமுகம் என்று கேட்டால், எந்த ஊர் வந்தாலும் எனக்கு அடுப்புதான் என்பார். அந்த நாலு நிமிடத்திலும் இவள், மழையில் நனையாதீர்கள், தலையைத் துவட்டுங்கள் என்று உயிரை வாங்குவாள். வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்பார் அவர். மறைக்கிறார் என்று இவளுக்குக் கோபம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை புள்ளி மறைந்தது. மதியச் செய்தியில் அந்தப் பெயரைச் சொன்னார்கள். கப்பல் புயலில் இரண்டாகப் பிளந்துவிட்டது, ஒருவரும் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. நூல் அறுந்தது தெரியாமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். வெறும் ஊசி துணியைக் குத்திக்கொண்டே போனது.

வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. எடுபட்டவன் என்று திட்டிக்கொண்டே அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கப்பலின் நீளம் 229 மீட்டர் என்று போட்டிருந்தது. எனக்குச் சுரீரென்றது. "கப்பல் தளத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நூத்தித் தொண்ணூறு மீட்டர்க்கா, தினம் நடந்தும் தொப்பை குறையல" என்று அவர் ஒருமுறை அலுத்துக்கொண்டிருந்தார்.

பீரோவைக் கலைத்து அவருடைய ஒப்பந்தத் தாளை எடுத்தேன். கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ஏழு இலக்க எண் இருந்தது. அதைத் தட்டினேன். அதே பெயரில் இன்னொரு கப்பல், நீளம் 190, வேறொரு கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அப்புறம்தான் ஏஜெண்ட் கூப்பிட்டார். ஒரே பெயரில் பல கப்பல் ஓடுமாம், எண்தான் கப்பலுக்குக் கப்பல் வேறாம். மனுஷன் நல்லபடியாக மதியச் சமையலில் இருக்கிறாராம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அறிவிருக்காடி உனக்கு? எட்டு மாசமா யார் கப்பலையோ பார்த்துக்கிட்டிருந்திருக்க."

அவள் சிரிக்கவில்லை. பழைய இடத்தையே, புள்ளி இல்லாத கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுலயும் ஒரு சமையல்காரர் இருந்திருப்பாருல்லக்கா. மழைன்னு நான் பதறினதெல்லாம் அவருக்குத்தான்."